கழுவாத கேசட்

இறந்து நாலு மாதம் ஆன என் வீட்டுக்காரர், போன புதன்கிழமை சாயங்காலம் ஒருவருக்குப் பதில் எழுதினார்.

"கிடைத்துவிட்டதா? உடனே அனுப்புங்கள்."

விரல் என்னுடையது. பெயர் அவருடையது. மழைக்கம்பி.

பழைய வானொலி ஜாஸ் கச்சேரிகளைச் சேகரிக்கும் நாற்பது பேர் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. ஒருவர் நத்தை, ஒருவர் கரகரப்பு, ஒருவர் பாதித்தூக்கம். வானொலி நிலையங்களே தொலைத்துவிட்ட கச்சேரிகளை, யாரோ வீட்டில் கேசட்டில் பிடித்து வைத்ததை, கம்ப்யூட்டரில் ஏற்றி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரருக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் இந்த வேலை. முன்னறையில் எக்ஸ்ரே ஃபிலிம் வந்த அட்டைப்பெட்டிகள் பதினேழு. எல்லாம் கேசட்.

அவர் போன பிறகு அந்தக் குழுவில் நான் யாருக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை. கணக்கை மூடிவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். "மழைக்கம்பி, நலமா? ரொம்ப நாளாகக் காணோமே" என்று பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களே அவ்வளவு அக்கறையாகக் கேட்கவில்லை. "கொஞ்சம் வேலை" என்று எழுதினேன். அவ்வளவுதான், அவருக்கு உயிர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று கேசட்டை ஏற்றியும் விட்டேன். எப்படி ஏற்றுவது என்று அவரே ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். கடைசி வரி: 'எதையும் வெட்டாதே. எதையும் கழுவாதே.' கழுவுவது என்றால் இரைச்சலை நீக்குவது. அந்தக் குழுவில் அது சட்டம்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வானொலியையும் டேப்பையும் இணைக்கிற வயர் அவரிடம் கிடையாது. வானொலிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்வார். அதனால் அந்தக் கேசட்டுகளில் சாக்ஸஃபோனுக்கு நடுவே எங்கள் வீடும் இருக்கிறது. பாத்திரம் விழுகிறது. அவர் இருமுகிறார். "அந்த ஊளையைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று இருபத்தைந்து வயதில் நான் கத்துகிறேன்.

மூன்றாவது கேசட்டை ஏற்றிய மறுநாள், கீழ்வீட்டுத் தையல்காரி என்னை மாடிப்படியில் மடக்கினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நேத்து மத்தியானம் மேல அண்ணன் இருமுற சத்தம் கேட்டுச்சு."

"டேப்புடி."

"அதான் நானும் நினைச்சேன். ஆனா ஊசியில நூல் கோக்க அரை மணி நேரம் ஆச்சு."

நான் சிரித்தேன். வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

இப்போது அந்தப் புதன்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். நத்தை எழுதியிருந்தார்:

"மழைக்கம்பி, நீங்கள் முப்பத்தொரு வருஷமாகத் தேடும் ஞாயிற்றுக்கிழமை கச்சேரி கிடைத்துவிட்டது. நீங்கள் கேட்ட அதே பிரதி."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியும். அந்தக் கேசட்டை அழித்தவள் நான்.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. கடுமையான காய்ச்சல். மத்தியானம் மூன்று மணி, வெளியே மழை. உள்ளறையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் அவர் பதிவு செய்துகொண்டிருந்தார். "ஏங்க, உடம்பு கொதிக்குது, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று கத்தினேன். இசை நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் அது பாட்டுக்கு ஓடியது. கச்சேரி முடிந்து, டேப் தானாக நின்ற பிறகுதான் நனைந்துபோய் டாக்ஸியோடு வந்து நின்றார். அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். பத்து நாள் மருத்துவமனை. குழந்தை பிழைத்தாள். இடது காது போய்விட்டது.

"நீ கத்தினதுமே எழுந்து போயிட்டேன்" என்றார் அவர். "டாக்டர் வீடு பூட்டியிருந்துச்சு. மழையில டாக்ஸி கிடைக்கல. டேப்பை நிறுத்தக்கூட நிக்கல. அது பாட்டுக்கு ஓடிச்சு."

"பொய்."

"கேசட்டைப் போட்டுக் கேளு. நான் போனது அதுல இருக்கும்."

நான் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் அந்தக் கேசட்டை எடுத்தேன். அதன் மேல் மறுபடி பதிவு ஆகக்கூடாது என்று ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதை அவர் உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டையை மூடினால் மறுபடி பதிவாகும் என்று அதன் மேல் செலோடேப் ஒட்டினேன். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஒரு சத்தமும் போடாமல் வெறும் மௌனத்தைப் பதிவு செய்தேன்.

அவர் கண்டுபிடித்தார். கத்தவில்லை. செலோடேப்பைப் பிய்த்துவிட்டு கேசட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

மகளிடம் மட்டும் நான் பேசினேன். அவள் வளர வளர, விவரம் கேட்கிற போதெல்லாம் சொன்னேன். "உங்கப்பாவுக்குக் கச்சேரி முக்கியமாப் போச்சு." அவள் பதினைந்து வயதிலிருந்து முன்னறைக்குள் கால் வைத்ததில்லை. அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் பேசுவது விழாதபடி கேட்காத இடது காதை அவர் பக்கம் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் உதடு அசைந்தது. அவள் சுவரைப் பார்த்தாள்.

நத்தையும் அவரும் எழுதிக்கொண்ட பழைய கடிதங்களை அந்தப் புதன்கிழமைதான் முழுக்கப் படித்தேன். கச்சேரியின் சுத்தமான பிரதியை வேறு ஒருவர் ஆறு வருஷத்துக்கு முன்பே கொடுக்க வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றிருக்கிறார். "எனக்கு வேண்டியது அறைச் சத்தத்தோடு இருக்கும் பிரதி. மருத்துவமனைக்குப் பார்க்க வந்த நண்பர் ஒருவர் என் கேசட்டை வாங்கிப் போய்ப் பிரதி எடுத்தார். ஊர் மாறிப் போய்விட்டார். அது எங்காவது இருக்கும்."

குழுவில் எல்லோருக்கும் அது வேடிக்கை. "மழைக்கம்பிக்கு அழுக்குதான் பிடிக்கும்" என்று கரகரப்பு கிண்டலடித்திருந்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டதோடு விட்டுவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் அவர் தேடியது சாட்சி.

அவர் சொன்னது பொய் என்றால், நான் மகளிடம் சொன்னது சரி. அவர் சொன்னது நிஜம் என்றால்? அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் வரவில்லை. அதனால்தான் "உடனே அனுப்புங்கள்" என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஃபைல் வந்தது. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிற மெஷினில் நிற்கிறவள். அன்று ஒரு பெரியவரின் வலது கண் லென்ஸை இடது கண் ஃபிரேமுக்கு அளவெடுத்து அறுத்து வைத்தேன்.

"என்னம்மா, அவர் தலைகீழா நின்னு போட்டுக்கணுமா?" என்றார் முதலாளி.

தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போட்டேன்.

இசை வந்தது. ஆறு பேர் கொண்ட கச்சேரி. பியானோ, டிரம்ஸ், பின்னால் ஒரு டிரம்பெட். பளிங்கு மாதிரி சுத்தம். மைக் இருந்த அறையே இல்லை. மழை இல்லை. குழந்தை இல்லை. நான் கத்தியது இல்லை. முக்கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முடிந்ததும் கைதட்டல் வந்தது.

கூடவே நத்தை ஒரு குறிப்பு வைத்திருந்தார். "குழு விதியை உங்களுக்காக மீறிவிட்டேன், மன்னிக்கவும். பிரதி கேட்கவே முடியாத நிலையில் இருந்தது. ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. ஒரு பெண் கத்துகிறாள். மழை வேறு. உங்களிடம் சொல்வதற்கு முன்பே ஒன்பது நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் காத்திருந்தவருக்கு என் சின்னப் பரிசு."

தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். நல்ல மனுஷன். ஒன்பது நாள் பாடுபட்டு என் குழந்தையைக் கழுவி எடுத்திருக்கிறார்.

மழைக்கம்பியாக இருந்துகொண்டு இதற்கு என்ன பதில் எழுதுவது? 'அழுக்கைத் திருப்பிக் கொடுங்கள்' என்றால் ஏன் என்று கேட்பார். என் வீட்டுக்காரர் ஏன் என்று சொல்லாமலே முப்பத்தொரு வருஷம் ஓட்டிவிட்டார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எழுதினேன்.

"ஐயா, நான் மழைக்கம்பியின் மனைவி. அவர் காலமாகி நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் அவர் பெயரில் பதில் சொன்னது நான். அந்தப் பதிவில் அழுகிற குழந்தை என் மகள். கத்துகிற பெண் நான். நீங்கள் கழுவியதற்கு முந்தைய பிரதி எனக்கு வேண்டும்."

நத்தை எதற்கும் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறவர். பெயரே அதனால்தான். அன்று பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"அம்மா, எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. மழைக்கம்பி பதினான்கு வருஷத்தில் என்னிடம் 'உடனே' என்று சொன்னதே இல்லை. எனக்குக் கிடைத்த அந்த நண்பரின் கேசட்டை ஓட்டும்போதே நாடா பல இடத்தில் உதிர்ந்துவிட்டது. இனி அது ஓடாது. கழுவுவதற்கு முன் கம்ப்யூட்டரில் ஏற்றிய முழுப் பிரதியையும் இடமில்லை என்று நானே அழித்துவிட்டேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை நான் செய்ததே இல்லை."

திரையைக் கீழே தள்ளினேன். அடுத்த வரி கீழே இருந்தது.

"ஆனால் கழுவினால் அழுக்கைத் தனியாக எடுத்து வைப்பது என் வழக்கம். இசையை ஒரு பக்கமும் மற்ற சத்தத்தை ஒரு பக்கமும் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுத்துவிடும். அந்த மற்ற சத்தம் என்னிடம் இருக்கிறது. அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது கேட்காதீர்கள் அம்மா. நான் கேட்டேன். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிட முடியவில்லை."

தனியாகத்தான் கேட்டேன். வேறு யாரை அழைப்பது?

இசை இல்லாத வானொலிக் கச்சேரி. மழை. நிலையத்தின் இரைச்சல். இசையிருந்த இடங்களில் கூடு மட்டும் மிச்சம்போல ஒரு 'உஸ்... உஸ்...' தூரத்தில் குழந்தை அழுகிறது. இரண்டரை வயதுத் தொண்டை. முப்பத்தொரு வருஷம் கழித்தும் என் மடி தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

பிறகு என் குரல். தூரத்திலிருந்து. "ஏங்க! உடம்பு கொதிக்குது. டாக்டரைக் கூப்பிடுங்க!"

நாற்காலி இழுபடும் சத்தம். மைக்குக்கு மிக அருகில் அவர் குரல்: "இதோ." கதவு திறந்தது. படிகளில் காலடி. நடக்கவில்லை, ஓடினார். இரண்டு இரண்டு படியாக, கடகடவென்று கீழே இறங்கி, மழைக்குள் கலந்து மறைந்தது.

திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்தேன். பதிவு தொடங்கி நாலாவது நிமிஷம்.

நாலாவது நிமிஷம்.

அதே படிகள்தான் இன்றும் இருக்கின்றன. அவற்றில் நான் தினமும் இறங்கி வேலைக்குப் போகிறேன். ஹெட்ஃபோனைக் கழற்றிவிடலாம் என்று கை போனது. இவ்வளவுதானே, அவர் சொன்னது நிஜம், நான் நம்பவில்லை, அது என் தப்பு. அந்தத் தப்போடு எப்படியாவது வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

பதினோராவது நிமிஷத்தில் ஒரு கொலுசுச் சத்தம் வந்தது. உள்ளறையிலிருந்து நெருங்கி வந்தது. குழந்தையின் அழுகையும் கூடவே பெரிதாகிக்கொண்டே வந்தது. யாரோ ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வருகிறாள். மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கினாள்.

"செருப்பைக் காணோம்... போயிட்டாரா?" பிறகு, "சீக்கிரம் கூட்டிட்டு வந்துடுங்க... சீக்கிரம் வந்துடுங்க..."

என் குரல்.

நான் அந்த அறைக்கு வந்ததாக எனக்கு நினைவே இல்லை. இன்று வரை இல்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உள்ளறையிலேயே உட்கார்ந்திருந்ததாகத்தான் ஞாபகம். காலி நாற்காலியைப் பார்த்திருக்கிறேன். செருப்பு இல்லாததைப் பார்த்திருக்கிறேன். அவர் எதற்காகப் போனார் என்பதும் தெரிந்திருக்கிறது. அவர் திரும்பி வர வேண்டும் என்று அந்த வானொலி முன்னால் நின்று கெஞ்சியிருக்கிறேன். பிறகு எந்த நாளில், எந்த மணியில் அதையெல்லாம் எனக்குள்ளேயே அழித்தேன்? மருத்துவமனையில் டாக்டர் "இடது காது" என்று சொன்னபோதா? அந்தச் செலோடேப்பை ஒட்டியபோதா? கேசட்டை அழித்தது ஞாபகம் இருக்கிறது. இது இல்லை.

காலிங் பெல் அடித்தது. துள்ளிவிட்டேன். தையல்காரி வெளிறிப்போய் நின்றாள்.

"அக்கா, மேல குழந்தை யாராவது வந்திருக்கா?"

ஹெட்ஃபோன் வயர் எப்போது கழன்றதோ, ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கக் கேட்டிருக்கிறது.

"என் பொண்ணுடி."

"அவங்களுக்கு ஏது குழந்தை?"

"குழந்தையே அவதான்" என்றேன். அவள் வேகமாகப் படியிறங்கிப் போனாள். அன்று முழுக்கக் கீழே தையல் மெஷின் ஓடவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவள். பக்கத்தில் யாரோ கியர் மாற்றத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள்.

"கிளட்ச்சை மிதிங்க சார், அது பாம்பு இல்ல... சொல்லும்மா."

"நாளைக்கு வா. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நீ கேக்கணும். உங்கப்பா டேப்."

"அந்த ஊளையையா? நல்ல காதும் போகணுமா எனக்கு?"

"வாடி. உன் கால்ல விழறேன்."

நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அதனால்தான் வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம். முன்னறை வாசலில் செருப்போடு நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்து, "பெட்டியெல்லாம் அப்படியே இருக்கா" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக உள்ளே வந்தாள். அவர் நாற்காலியில் உட்காராமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழித்ததை, செலோடேப்பை, அவர் பெயரில் எழுதியதை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது அதிலேயே இருக்கிறது, அதுவே சொல்லட்டும் என்று விட்டேன்.

அவள் ஹெட்ஃபோனை வாங்கவில்லை. "ஸ்பீக்கர்ல போடு. எனக்கு ஒரு காதுதானே" என்றாள். வலது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டாள்.

தன் அழுகையை அவள் அசையாமல் கேட்டாள். "இதோ" வந்தபோது கண் திறந்தது. படியில் காலடி இறங்கியபோது எழுந்து நின்றுவிட்டாள், அவர் பின்னாலேயே போகிறவள் மாதிரி. பதினோராவது நிமிஷம் வந்தது. கொலுசு. செருப்பைக் காணோம். சீக்கிரம் வந்துடுங்க.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"இது நீதானே?"

"நான்தான்."

"உனக்குத் தெரியும்."

"ஞாபகம் இல்லடி. சத்தியமா இல்ல."

"நான் அவர் பக்கத்துல உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்மா." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கடைசியா ஏதோ சொன்னாரு. என்னன்னு கூட நான் கேக்கல."

கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதில் பிடி இல்லை.

"நீ கொஞ்சம் வெளியில இரும்மா. நான் தனியாக் கேக்கணும்."

சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. "இதோ" என்றார் அவர். கதவு திறந்தது, படியில் கடகடவென்று இறங்கினார். மழை வந்தது. நின்றது. மறுபடியும் நாற்காலி. மறுபடியும் "இதோ."

ஒவ்வொரு முறையும் என் கொலுசு வருவதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் நகரவில்லை. சாயங்காலம் வரை என் வீட்டுக்காரர் மாடிப்படியில் ஓடி இறங்கிக்கொண்டே இருந்தார்.